முக்காலும் மூன்றில் இரண்டும்

பிப்ரவரி 4, செவ்வாய்

நான்காம் வகுப்பு மாணவி பவதாரணிக்கு வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். எலும்பு விலகவில்லை. மாவுக்கட்டு போதும், அறுவை சிகிச்சை தேவையில்லை. இதை உறுதி செய்தவர் அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவு மருத்துவர். எக்ஸ்ரே அறை வாசலில் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிச் சொன்னார்.

சம்பவம் நடந்த இடம் ஆவாரங்குளம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி மைதானம். மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பு. பாடம் கணக்கு, பின்னங்களை ஒப்பிடுதல். ஆசிரியை பிலோமினா. பள்ளியின் பொறுப்புத் தலைமை ஆசிரியையும் அவளே. என் மனைவி.

கடைசித் தகவல் காரணமாக இதை நான் செய்தியாக எழுத முடியாது. இருபத்தேழு ஆண்டு நிருபர் வேலையில் சொந்தக்காரர் பெயர் வரும் செய்தியைத் தொட்டதில்லை. எங்கள் பத்திரிகையில் இந்தப் பகுதிக்கு இன்னொரு நிருபர் நசீர். அவனிடம் ஒப்படைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

குழந்தையின் தாய் பாண்டிமீனா பேருந்து நிலையத்தில் பூ விற்பவர். கையில் பாதி கட்டிய சரத்தோடு வந்தார்.

"எப்ப விழுந்தா?"

"ரெண்டே காலு இருக்கும்மா," என்றாள் பிலோமினா.

"எனக்கு எப்பச் சொன்னீக?"

நான்கு மணிக்குச் சொல்லப்பட்டது.

"பூக்காரிக்கு ஒரு போன் போட இம்புட்டு நேரமா டீச்சரு? கலெக்டரு மகளா இருந்தா விழுகுறதுக்கு முன்னாடியே சொல்லியிருப்பீக."

மாவுக்கட்டு போடும்போது குழந்தை அழவில்லை. "நான் தோக்கல டீச்சர்," என்றது. "அதை அப்புறம் பேசலாம்டா," என்றாள் பிலோமினா. குழந்தை மறுபடியும் சொன்னது. அது எதைப் பற்றியது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

விளையாட்டைப் பற்றி. ஆதாரம் பிலோமினா, இரவுச் சாப்பாட்டின்போது கேட்டது.

பின்னத்தில் பிள்ளைகள் செய்யும் தவறு எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்கிறாள். நாலை விட எட்டு பெரிது, ஆகவே நாலில் ஒன்றை விட எட்டில் ஒன்று பெரிது. கரும்பலகையில் வட்டம் வரைந்து எத்தனை முறை காட்டினாலும் தலையாட்டுவார்கள். மறுநாள் காலை எட்டு மறுபடியும் பெரிதாகியிருக்கும். அதனால் அவள் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போனாள்.

வகுப்பு இரண்டு அணியாகப் பிரியும். அணிக்கு ஒரு நைலான் கயிறு: ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். தரையில் சுண்ணாம்புக் கோடு. கயிற்றின் ஒரு முனை கோட்டில் இருக்கும், அது பூஜ்யம். மறுமுனை ஒன்று. ஒவ்வொரு அணிக்கும் ஒரு அட்டை கொடுக்கப்படும். கால் என்று வந்தால் கயிற்றை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, அந்த இடத்தில் ஒரு பிள்ளையை நிறுத்த வேண்டும். பிறகு கயிற்றை விரித்துப் பார்த்தால் கோட்டிலிருந்து யார் தள்ளி நிற்கிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. ஏன் என்று சொன்னால் இன்னொரு புள்ளி.

ஓட வேண்டியதில்லை. மடிப்பது, நிற்பது, வாதாடுவது, அவ்வளவுதான்.

கயிறுகள் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் வெட்டப்பட்டன. ஒவ்வொன்றும் எட்டு முழம்.

நேற்று விழுந்தது எப்படி? பவதாரணி பச்சை அணி, கையில் முக்கால். ரித்திக் மஞ்சள் அணி, கையில் மூன்றில் இரண்டு. பிலோமினா பழைய புள்ளிகளைத் தாழ்வாரப் பலகையில் எழுதத் திரும்பியிருக்கிறாள். பின்னால் சத்தம். திரும்பிப் பார்த்தபோது பவதாரணி மஞ்சள் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் ரித்திக். அவன் கையை விட்டான். அவள் பின்னால் சாய்ந்து, கையை ஊன்றி விழுந்தாள்.

எதற்காக இழுத்தாள் என்பது தெரியவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

செய்தி வந்துவிட்டது. மாவட்டப் பக்கம், இரண்டு பத்தி. தலைப்பு: 'கணக்குப் பாடம் என்று மாணவர்களை ஓடவிட்ட ஆசிரியை, சிறுமிக்குக் கை முறிவு.' ஓடவிட்டதாகச் சொன்னவர் 'ஊர்ப் பொதுமக்கள்'. கடைசி வரி: 'ஆசிரியையைத் தொடர்புகொள்ள முயன்றும் முடியவில்லை.'

நசீரிடம் பேசினேன். பள்ளிக்கு எதிர்க் கடையில் நின்றவர் சொன்னாராம். "பசங்க கத்திக்கிட்டுக் கெடந்தாய்ங்கண்ணே, ஓடுனாய்ங்கன்னாரு. அக்காவுக்கு ரெண்டு தடவ அடிச்சேன், எடுக்கல. உங்களுக்கு அடிக்கலாம்னு பாத்தேன், நீங்கதான் இதுல தலையிட மாட்டேன்னுட்டீங்க."

அவன் சொன்னது முறைப்படி சரி.

பிலோமினா நின்றபடியே படித்தாள். காப்பி ஆற்றிக் கொடுத்தாள். பள்ளிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு மிஸ்டு கால் இருந்துச்சு. ஆஸ்பத்திரிச் சத்தத்துல எனக்குக் கேக்கல. எம்மேலதான் தப்பு."

வீட்டு வரி கட்ட இன்று போக முடியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பாண்டிமீனா வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார். செய்தி நறுக்கு இணைப்பு. ஆதாரம்: நசீர்.

பிப்ரவரி 8, சனி

சிலிண்டர் வந்தது. பழனிக்குப் போகும் பாதயாத்திரைக் கூட்டம் புறவழிச்சாலையில் கூடிவிட்டது. அதைப் பற்றி ஒரு செய்தி அனுப்பினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பிலோமினா கோயிலுக்குப் போய்வந்து, சாப்பாட்டு மேசையில் அட்டைகளைப் பரப்பினாள். மைதான விளையாட்டை நிறுத்தும்படி அலுவலகத்திலிருந்து வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்புக்குள்ளேயே ஆடுகிற மாதிரி மாற்ற வேண்டும். ஆடிப் பார்க்க வீட்டில் நான்தான் இருந்தேன்.

இரண்டு அட்டை எடுத்து வைத்தாள். ஆறில் ஐந்து, எட்டில் ஏழு. எது பெரியது?

நான் பேனாவை எடுத்து வகுத்தேன்.

"பேனாவ வைங்க. எம்புள்ளைக பேனா தொடமாட்டாங்க."

"பிறகு எப்படி?"

"ரெண்டும் முழுசா ஆக எத்தனை துண்டு வேணும்?"

"ஒவ்வொரு துண்டு."

"கொறையிற துண்டுல எது சின்னது?"

எட்டில் ஒன்று, ஆறில் ஒன்றை விடச் சின்னது. குறைவது எதில் குறைவோ அதுதான் பெரியது. எட்டில் ஏழு. இதை நான்காம் வகுப்பில் பெரும்பாலோர் இப்போது வாயாலேயே சொல்லிவிடுகிறார்களாம்.

"பவதாரணிதான் மொதல்ல கண்டுபிடிச்சா," என்றாள். "அவதான் மத்தவங்களுக்குச் சொல்லிக்குடுத்தா."

அப்போதுதான் எனக்கு ஒன்று பட்டது. முக்காலுக்கும் மூன்றில் இரண்டுக்கும் அதே கணக்கு. ஒன்றில் நாலில் ஒரு துண்டு குறைவு, மற்றதில் மூன்றில் ஒரு துண்டு குறைவு. முக்கால்தான் பெரியது. அதைக் கண்டுபிடித்த பிள்ளை, கையில் முக்காலை வைத்துக்கொண்டு ஏன் சண்டை போட வேண்டும்?

"அன்னிக்கு யாருக்குப் புள்ளி?" என்றேன்.

"ரித்திக்குக்கு. அவன்தான் தள்ளி நின்னானாம். நான் பாக்கல, பிள்ளைக சொன்னாங்க. மடிக்கத் தெரியாம மடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

கயிறுகள் இருந்த பை அலமாரி மேல் இருந்தது. இறக்கி, அவள் தையல் டேப்பை வாங்கி, கூடத்தில் அளந்தேன். பச்சை மூன்று மீட்டர் நாற்பத்து நான்கு. மஞ்சள் நான்கு மீட்டர் இரண்டு. சந்தேகத்துக்கு மறுபடியும் அளந்தேன். பச்சைக் கயிற்றின் முக்காலை விட மஞ்சள் கயிற்றின் மூன்றில் இரண்டு பத்து சென்டிமீட்டர் தள்ளி விழுகிறது.

முதலில் ஆடிய அட்டைகள் அரையும் காலும் போன்றவை. வித்தியாசம் பெரிது, கயிற்றின் பிழை அதில் மறைந்துவிட்டது. கயிற்றின் முனையை யாரும் பார்ப்பதில்லை, நிற்கிற பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். பவதாரணி முனையைப் பார்த்திருக்கிறாள்.

"மஞ்சள் கூடுதலா வெட்டப்பட்டிருக்கு," என்றேன்.

"வெட்டப்பட்டிருக்கா? தானா வெட்டிக்கிச்சோ?" என்றாள் பிலோமினா. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப அந்தப் புள்ள சொன்னது சரி. ஆஸ்பத்திரில படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு."

பச்சைக் கயிறு பிலோமினாவின் கை முழம். மஞ்சள் இன்னொரு கை.

பிப்ரவரி 10, திங்கள்

மாலையில் பேருந்து நிலையம். பிலோமினா தனியாகப் போவதாகச் சொன்னாள். நானும் போனேன்.

பாண்டிமீனா தட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் பவதாரணி, கையைத் தாங்கக் கழுத்தில் கட்டிய துணித் தூளி, மாவுக்கட்டில் யாரோ வரைந்த மீன்.

"பேப்பர்காரரையும் கூட்டியாந்துட்டீகளா? கட்டோட ஒரு போட்டோ வேணுமாக்கும்."

பிலோமினா அவரிடம் பேசவில்லை. குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"பவா, அன்னிக்கு ஏன்டா மஞ்சக் கயித்த இழுத்த?"

"அது நீளமா இருந்துச்சு டீச்சர். எங்க கயிறு முடிஞ்ச எடத்துக்கு அங்கிட்டு போய்க்கிட்டே இருந்துச்சு. ரித்திக்குகிட்ட சொன்னா, 'தோத்தாங்குளி'ங்கறான். ரெண்டையும் சேத்து வச்சுக் காட்டலாம்னு இழுத்தேன்."

"கயிறு சமமா இல்லடா. நேத்துதான் அளந்தோம். நீ சொன்னதுதான் சரி."

"அப்ப நான் தோக்கல?"

"தோக்கல."

"அப்ப எங்க டீமுக்குப் புள்ளி?"

"நாளைக்குப் போர்டுல எழுதுறேன்."

"நாளைக்கு பூசம் லீவு டீச்சர்."

"நாளான்னிக்கு."

"ஏன்னு சொன்னதுக்கு இன்னொரு புள்ளி?"

"நீ எங்கடா சொன்ன?"

"சொல்றதுக்குள்ள விழுந்துட்டேன்ல."

பிலோமினா சிரித்துவிட்டாள். இந்த வாரத்தில் முதல் முறை. பாண்டிமீனா சிரிக்கவில்லை.

"கயித்துக் கதை உங்களுக்குள்ள வச்சுக்கங்க டீச்சரு. எம்புள்ள கை ஒடஞ்சது ஒடஞ்சதுதான். மனுவ நான் திருப்பி வாங்க மாட்டேன்."

"வாங்கச் சொல்லி வரலம்மா. இவகிட்டச் சொல்லணும்னுதான் வந்தேன்."



பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். காலை முதல் சாலையில் இருந்தேன். காவடிக் குழுவோடு நடந்து வந்த ஒருவருக்கு மயக்கம். ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்தது. இரண்டு செய்தி, ஒரு படம். வீடு திரும்பியபோது பிலோமினா மஞ்சள் கயிற்றைப் பச்சைக்கு நேராக வைத்து வெட்டிக்கொண்டிருந்தாள். மிஞ்சிய துண்டைக் குப்பையில் போடாமல் பைக்குள் வைத்தாள்.

பிப்ரவரி 12, புதன்

குறிப்பாணை வந்தது. பாதுகாப்பின்றி மாணவர்களை மைதானத்தில் ஓடச் செய்து காயம் ஏற்படக் காரணமாக இருந்ததற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பள்ளியில் நேரடி விசாரணை. நடவடிக்கை என்றால் பெரும்பாலும் நிர்வாக மாறுதல், மலை மேல் உள்ள பள்ளி ஒன்றுக்கு. அங்கே ஒரு காலியிடம் இருப்பதை அலுவலக ஊழியர் ஒருவர் உறுதிப்படுத்தினார். பெயர் வேண்டாம் என்றார். பிலோமினாவுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டு. இந்த நான்காம் வகுப்பை அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டி வருகிறாள்.

விளக்கம் எழுத உட்கார்ந்தோம். ஓடவில்லை என்பதை மட்டும் எழுது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கயிறு பற்றி யாரும் கேட்கவில்லை என்றேன்.

"கயிறு சமமா இருந்திருந்தா அவ இழுத்திருக்க மாட்டா."

"அதை எழுதினால் அலட்சியம் என்பார்கள். நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்."

"எழுதலைன்னா அந்தப் புள்ள அடங்காத புள்ளைன்னு ஆகும். ஏற்கனவே அப்பிடித்தான் பேசுறாங்க."

எழுதினாள். நான் தெருக்கதவைப் பூட்டப் போனேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பிலோமினாவை அலுவலகத்துக்குக் கூட்டிப்போக மூன்று மணிக்குப் பள்ளிக்குப் போனேன். வகுப்பு முடியவில்லை. தாழ்வாரத்தில் நின்றேன்.

பெஞ்சுகள் சுவரோரம் தள்ளப்பட்டிருந்தன. எட்டுப் பிள்ளைகள் கழுத்தில் அட்டை மாட்டியிருந்தார்கள். எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று, கால், மூன்றில் ஒன்று, அரை, மூன்றில் இரண்டு, முக்கால், எட்டில் ஏழு. சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிற்க வேண்டும். நிற்கிறவர்கள் பேசக் கூடாது. உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் பேசலாம். எனவே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"ஏய் யாழினி, நீ மூணுல ஒண்ணுடி, காலுக்கு அங்கிட்டு போடி!"

"அவ கால்தான். அட்டையப் பாரு."

"அப்ப யாரு மூணுல ஒண்ணு?"

"நிதின்! பராக்குப் பாக்குறான் பாரு. டேய் பெரிய மனுசா, வாடா இங்கிட்டு!"

எட்டில் ஒன்று அட்டை ரித்திக்கின் கழுத்தில் இருந்தது. அவன் நேராக வரிசையின் பெரிய முனைக்குப் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"டேய், நீதான்டா குட்டி," என்றாள் ஒருத்தி. "ஒரு பரோட்டாவ எட்டுப் பேரு பிச்சா ஒனக்கு என்னடா கெடைக்கும்?"

ரித்திக் தன் அட்டையைப் பார்த்தான். பேசக் கூடாது என்பதால் முகத்தை மட்டும் சுளித்துவிட்டு மறுமுனைக்கு நடந்தான். வகுப்பு கைதட்டியது.

அடுத்து காகிதப் பட்டைகள். இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றை மடித்து ஒப்பிட வேண்டும். பிலோமினா பட்டைகளைக் கொடுத்ததும் வகுப்பு ஒரே குரலில் கத்தியது: "முழுசு சமமா?" இரண்டு பேரும் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்து "சமம்!" என்ற பிறகே ஆட்டம். இது நேற்று முதல் வந்த புதிய விதியாம். பவதாரணி முன்வரிசையில் நடுவர். தூளியில் இருந்த கையை விட்டுவிட்டு, இடக்கையால் சமம் பார்த்தாள். ஒருமுறை வேண்டுமென்றே ஒரு சின்னப் பட்டையைக் கலந்து கொடுத்தாள் பிலோமினா. பவதாரணி அதைப் பிடுங்கிக் காட்டினாள்.

"டீச்சர் ஏமாத்துறாங்க!"

"ஏமாத்துனா என்ன செய்யணும்?"

"சொல்லணும். இழுக்கக் கூடாது," என்றான் ரித்திக், பின்னாலிருந்து.

கரும்பலகை ஓரத்தில் பச்சை அணியின் புள்ளிக் கணக்கு அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. ஒன்றல்ல, இரண்டு கூடியிருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

விசாரணை. எனக்கு உள்ளே வேலையில்லை. புளியமரத்தடியில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தேன். வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) வந்தார். பாண்டிமீனாவும் குழந்தையும் உள்ளே போனார்கள். வெளியே வந்த பிலோமினா "போலாம்" என்றாள். வழியில் கறிவேப்பிலை வாங்கினாள்.

"என்ன கேட்டார்கள்?"

"எல்லாம் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னாய்?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன். நீங்க சொன்ன மாதிரி."

பிப்ரவரி 15, சனி

பேருந்து நிலையத்தில் புதிய நிழற்குடை பற்றிய செய்திக்காகப் போனேன். பாண்டிமீனா கூப்பிட்டார்.

"பேப்பர்காரரே, இங்க வாங்க. உங்க வீட்டம்மா ஒண்ணுஞ் சொல்லலையா?"

இல்லை என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அறையில் இருந்தவர்; நேரடி சாட்சி.

"பி.இ.ஓ. அம்மா கயித்த ரெண்டையும் கேட்டு வாங்கிப் பாத்துச்சு. மிச்சத் துண்டையும் டீச்சரு எடுத்து வச்சாக. 'இத யாரு வெட்டுனது?'ன்னுச்சு. டீச்சரு, 'நாந்தான் மேடம், ரெண்டும்'னாக. எம்மக சும்மா இருப்பாளா? 'டீச்சர், ஒரே ஆளு மொழம் போட்டா எப்பிடி டீச்சர் ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டையா வரும்?'னு கேக்குறா! எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. அந்தம்மா டீச்சரப் பாக்குது. டீச்சரு தரையப் பாக்குறாக. 'வேற யாராச்சும் வெட்டுனாகளா?'ன்னுச்சு. 'இல்ல மேடம், நாந்தான்'னு மறுபடியும் அதே சொல்லு. பேப்பர்லருந்து போன் வந்துச்சாமேன்னு கேட்டதுக்கும், 'எனக்குக் கேக்கல, எந்தப்பு'ன்னுட்டாக."

நான் குறிப்பெடுப்பதை நிறுத்தியிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

"கைய நீட்டுங்க," என்றார் பாண்டிமீனா.

நீட்டினேன். ஒரு சரத்தை முழங்கையில் வைத்து விரல் நுனி வரை இழுத்துப் பார்த்தார்.

"ஆத்தாடி! உங்கள யாவாரத்துல வச்சா ஒரே வாரத்துல கடையச் சாத்திரணும்."

பக்கத்துக் கடைக்காரப் பெண் சிரித்தார். பாண்டிமீனா சரத்தை மறுபடி தட்டில் சுற்றி வைத்தார்.

"டீச்சரு வேணாம்னு நான் எழுதிக் குடுக்கல. பேப்பர்ல ஓடவிட்டாங்கன்னு போட்டிருந்துச்சு, அதப் பாத்துத்தான் எழுதுனேன். எம்மக ஓடலைங்குறா. அந்தம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அதுக்கு அந்தம்மா சொல்லுச்சு, 'உங்க மனுவுலயும் ஓடவிட்டாங்கன்னு இருக்கு, பேப்பர்லயும் இருக்கு. பேப்பரு சொன்னது தப்புன்னா பேப்பரே சொல்லட்டும். புதன்கெழம வரைக்கும் பாப்பேன்'னுச்சு."

"மனுவைத் திரும்பப் பெறுவீர்களா?"

"மொதல்ல பேப்பர்ல வரட்டும். அப்புறம் பேசுங்க."

நிழற்குடைச் செய்தி அனுப்பவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

நான்காம் தேதி பற்றிய குறிப்பில் ஒரு தகவல் விடுபட்டிருக்கிறது. எக்ஸ்ரே அறைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்போது பிலோமினா தன் கைப்பையை என்னிடம் கொடுத்தாள். அது என் மடியில் இருந்தது. கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தேன், நசீர் பெயர் இருந்தது. இந்தச் செய்தியில் எனக்குப் பங்கில்லை என்று அவனிடம் சொல்லியிருந்தேன். மறுபடியும் பையில் வைத்தேன். இரண்டாம் முறையும் அப்படியே. கதவு நான்கு அடி தள்ளி இருந்தது. கூப்பிட்டிருந்தால் அவள் வந்திருப்பாள், ஓடவில்லை என்று ஒரு வரி சொல்லியிருப்பாள், அது அச்சாகியிருக்கும்.

காலையில் மதுரையில் உள்ள எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். செய்தி ஆசிரியர் என்னை விட ஆறு வயது இளையவர்.

"சூசை அண்ணே, ஒங்க வீட்டு விசயத்துக்குத் திருத்தம் போட்டா நாளைக்கு ஊரே என்ன சொல்லும்?"

"வீட்டு விஷயம் என்பதையும் அதிலேயே போடுங்கள்."

எழுதி அனுப்பினேன். மாணவர்கள் ஓடவிடப்படவில்லை, செய்தி தவறு. விளையாட்டில் பயன்பட்ட இரண்டு கயிறுகளில் நீளமானதை அளந்து வெட்டியது ஆசிரியையின் கணவரும் இந்தப் பத்திரிகையின் நிருபருமான ஆ. சூசைராஜ். சிறுமி பவதாரணி அந்தப் பிழையைச் சரியாகக் கண்டுபிடித்துச் சுட்டிக்காட்ட முயன்றபோது விழுந்தார். ஆசிரியையின் கருத்தைப் பெற இருமுறை அழைக்கப்பட்டபோது கைப்பேசி அதே நிருபரிடம் இருந்தது. அவர் ஆசிரியையிடம் தெரிவிக்கவில்லை.

மாலையில் அவரே கூப்பிட்டார்.

"கடைசி வரி வேணுமாண்ணே? ஓடலைங்கறதும் கயிறும் போதுமே. அந்த போன் விசயம் யாருக்கும் தெரியாது."

"வேண்டும்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டு, "கடைசி வரியும் சேத்தே பக்கம் முடிச்சாச்சு," என்றார்.

பிலோமினா இன்று அரை முழப் பட்டைகள் வெட்டினாள். டேப் வைத்து. ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன். நான்கைந்து முறை பேச வாய் எடுத்தேன். அவள் "ஆடாம பிடிங்க" என்றாள்.

நிலுவையில் உள்ளவை. மாவுக்கட்டு பிரிப்பது, மருத்துவர் சொன்னபடி மார்ச் இரண்டாம் வாரம். பாண்டிமீனாவின் மனு, அவர் முடிவு தெரியவில்லை. வட்டாரக் கல்வி அலுவலரின் ஆணை, புதன்கிழமை. அன்றைக்குத்தான் மலைப் பள்ளியா, நான்காம் வகுப்பா என்பது தெரியும்.

பேப்பர் காலை ஆறேகாலுக்கு வரும். வழக்கமாக வாசலிலிருந்து அதை எடுத்து வருவது நான். நாளை அவள் எடுக்கட்டும். மாவட்டப் பக்கம், கீழே இடது ஓரம். அதைப் படித்துவிட்டு அவள் என்ன சொல்வாள் என்பதற்கு இதுவரை எந்த ஆதாரமும் இல்லை.